பார்வைக்கும் அனுமதி வேண்டும்

ஹோர்ட்டன் சமவெளிக்குள் நுழைய வேண்டுமானால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வாயிலில் நின்று டிக்கட் எடுக்க வேண்டும். உலக முடிவின் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கும், அங்கே மேயும் மரைகளைப் பார்ப்பதற்கும் அரசாங்கம் ஒரு விலை வைத்திருக்கிறது. ஆனால் ஊவா மலைகளில் இப்போது பெருகி வரும் வேறொரு வகைப் பார்வைக்குப் பல இடங்களில் வாயிலும் இல்லை, டிக்கட்டும் இல்லை. காலையில் புறப்பட்டு, வழிகாட்டி ஒருவரின் பின்னே கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் ஊடாக நடந்து, ஏதேனும் ஓர் உச்சியில் நின்று மலைக்காட்சி பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடும் ஒருநாள் நடைப்பயணத்தையே சொல்கிறேன்.

மலை எவருக்கும் சொந்தமில்லாத காட்சியாக இருக்கலாம். ஆனால் அந்த மலைக்குப் போகும் பாதை எவரோ ஒருவரின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. காட்சிக்கு முன்னால் அந்த வாசல் வருகிறது. வாசலில் அரிசி புடைக்கும் பெண் வருகிறாள், கொடியில் காயும் துணி வருகிறது, பீலியில் குளிக்கும் மனிதர் வருகிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி பெற்றோம்? அப்படியோர் அனுமதி தேவைதானா? பாதையில் போகிறவனுக்குக் கண் இருக்கிறது, அவன் பார்க்கிறான், இதில் என்ன அறம், என்ன ஒழுக்கம் என்று கேட்கலாம். வெலிமடைப் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் இருபது வருடங்களாகப் படிப்பித்து வருபவன் என்ற வகையில், இந்தக் கேள்வி சுற்றுலாத் துறையின் கேள்வி மட்டுமன்று என்பது எனது எண்ணம். இது எமது கேள்வியும்தான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

*

முதலில் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அண்மை ஆண்டுகளில் மலைநாட்டில் 'பீக்கோ ட்ரெயில்' என்றொரு நீண்ட நடைபாதை அடையாளப்படுத்தப்பட்டிருக்கிறது. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோ மீற்றருக்கும் அதிகமான தூரம், 22 கட்டங்கள். ஒரு கட்டத்தை ஒரு நாளில் நடந்து முடிக்கலாம். பாதை புதிதாக வெட்டப்பட்டதன்று. தேயிலையை ஏற்றி இறக்க வெள்ளைக்காரன் காலத்தில் போடப்பட்ட தோட்டப் பாதைகளையும், கிராமத்தவர் சந்தைக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் நடந்த ஒற்றையடிப் பாதைகளையும் இணைத்தே அதை உருவாக்கியிருக்கிறார்கள். எமது ஊவாவில் ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று அது வளைந்து செல்கிறது. தேயிலையின் ஒரு தரத்துக்குரிய பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். தேயிலைக்காக நடந்த கால்களின் பெயரை எவரும் வைக்கவில்லை.

பெயர் வைப்பதைப் பற்றிச் சொன்னதும் லிப்டன் சீட் நினைவுக்கு வருகிறது. ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை பஸ் போகும். அங்கிருந்து ஏழு கிலோ மீற்றர் அளவு ஏறினால் சுமார் 1,970 மீற்றர் உயரத்தில் அந்த இடம் இருக்கிறது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய ஸ்கொட்லாந்து வியாபாரி தோமஸ் லிப்டன் அங்கே அமர்ந்து தனது தோட்டங்களைப் பார்ப்பாராம். அவர் இருந்தபடி இருக்கும் சிலையொன்றும் அங்கே உண்டு. வானம் வெளித்திருக்கும் காலையில் தெற்கே சமவெளிகளும் குளங்களும் கடலோரம் வரை தெரியும். ஒன்பது, பத்து மணியாகும்போது கீழிருந்து முகில் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால்தான் வழிகாட்டிகள் ஆட்களை விடியுமுன்னே எழுப்பிவிடுகிறார்கள்.

அந்த உச்சியைச் சுற்றி நாள்தோறும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாயும் பாட்டியும் அதே மலையில்தான் கொழுந்து பறித்தார்கள். ஆயினும் அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார் என்பதுதான் வரலாறாக நிற்கிறது. நின்றுகொண்டே வேலை செய்தவர்களின் பெயரில் எந்த உச்சியும் இல்லை. மலைக்காட்சி என்பது உட்கார்ந்து பார்க்க நேரம் உள்ளவருக்கே கிடைப்பது. இது ஒரு குற்றச்சாட்டன்று, நிலைமை அவ்வளவுதான். ஆனால் நிலைமை இதுவென்று தெரிந்துகொண்டு நடப்பவருக்கும் தெரியாமல் நடப்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

*

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வழிகாட்டியாக இருக்கிறான். சாதாரண தரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கட்டாரில் ஹோட்டல் வேலை. அங்கே ஆங்கிலம் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்து இந்தத் தொழிலில் இறங்கினான். போன வருட விடுமுறையில் ஒருநாள், "சேர், நீங்களும் ஒருக்கா வாங்க" என்று கூப்பிட்டான். ஒல்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியுடன் தம்பேதன்னைப் பக்கம் நடந்தோம்.

அவன் பாதையைக் காட்டிய விதத்தைவிட, பாதையில் நடந்துகொண்ட விதமே என் கவனத்தை ஈர்த்தது. ஒரு லயத்தை அடைவதற்கு முன் பாதை வளையும் இடத்தில் நின்றான். தொண்டையைச் செருமினான். பிறகு உரத்த குரலில், "அக்கா, ஆளுங்க வர்றாங்க!" என்றான். வளைவுக்கு அப்பால் பீலி இருந்தது. குறுக்குக்கட்டுடன் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துவாயைப் போர்த்திக்கொண்டு ஒதுங்குவதற்கு வேண்டிய நேரத்தை அந்த ஒரு குரல் கொடுத்தது. "வாங்க தம்பி" என்று உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் எங்களை நகரவிட்டான். ஒல்லாந்துக்காரர் ஏன் நிற்கிறோம் என்று கேட்டார். அவன் ஆங்கிலத்தில் விளக்கியதும் அவர் கையிலிருந்த கெமராவைப் பைக்குள் வைத்தார்.

இந்தச் செருமலை எமது வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெண்கள் இருக்கும் உள்வீட்டுக்குள் வருமுன் வாப்பா செருமிக்கொண்டு வருவார். காக்காவும் அப்படித்தான். வீட்டின் மூத்த ஆண்களிடம் படித்த அந்த வழக்கத்தை இந்தப் பிள்ளை தேயிலை மலைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அதை எந்தச் சுற்றுலாப் பயிற்சி வகுப்பும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த சம்பவம் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்கும் ஒழுங்கு ஏற்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்ற கருத்தை நபியவர்கள் அன்று உணர்த்தினார்கள். இது ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விடயமாகும். காலடி வைப்பதற்காக மட்டும் அனுமதி கேட்பதாயின், வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவன் எந்தத் தவறும் செய்யாதவனாகிவிடுவான். ஆனால் நுழைவது கால் மட்டுமன்று. கண்ணும் நுழைகிறது. வெளியே நின்றுகொண்டே ஒருவரின் வீட்டுக்குள் போய்விட முடியும்.

*

"பாதை பொதுப்பாதை, பார்ப்பதில் என்ன குற்றம்?" என்ற வாதத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். நகரத்து வீட்டுக்கு மதில் இருக்கிறது. கேற் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, வரவேற்பறை இருக்கிறது, அதற்கப்பால் திரைச்சீலை போட்ட உள்வீடு இருக்கிறது. வீதியில் போகிறவனின் கண் இத்தனை தடைகளையும் தாண்ட வேண்டும். லயன் காம்பராவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. கதவைத் திறந்தால் இஸ்தோப்பு, இஸ்தோப்பை இறங்கினால் பாதை. சமைப்பது, தலைவாருவது, பிள்ளைக்குச் சோறூட்டுவது, நோயாளி வெயில் காய்வது எல்லாமே பாதையைப் பார்த்தபடிதான். வெள்ளைக்காரத் துரைமார் அந்த வரிசை வீடுகளைக் கட்டியபோது அங்கே வாழப்போகிறவர்களுக்கும் மறைவு தேவை என்று எண்ணவில்லை. மதில் கட்ட வசதியுள்ளவனுக்கு மட்டும் மானத்தின் எல்லை உண்டு, மதில் இல்லாதவனின் வாழ்க்கை பொதுக்காட்சி என்று நாம் சொல்ல முடியுமா? மதில் இல்லாத இடத்தில் பார்ப்பவனின் கண்தான் மதிலாக வேண்டும். வீதியோரத்தில் அமர்வோர் வீதிக்குச் செலுத்த வேண்டிய கடமைகளுள் பார்வையைத் தாழ்த்துவதையும், தொல்லை தராதிருப்பதையும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதையும் நபியவர்கள் சேர்த்திருப்பதன் பொருள் மலைப்பாதையில் நடக்கும்போது இன்னும் தெளிவாக விளங்குகிறது.

அப்படியானால் யாரும் அந்தப் பக்கம் போகவே கூடாதா? அதுவும் சரியான முடிவாகாது. அன்று அதே லயத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இஸ்தோப்பில் இருந்த வயதான அம்மா ஒருவர் எங்களுக்குத் தேநீர் தந்தார். வெள்ளைக்காரத் தம்பதியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம், "ஏன் தம்பி, இவங்க ஊர்ல மலை இல்லையா?" என்று கேட்டார். அவன் மொழிபெயர்த்தான். தங்கள் நாடு முழுவதும் தட்டையானது, பல இடங்கள் கடல் மட்டத்தை விடவும் பதிவானவை என்று அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அந்த அம்மா, "அய்யோ பாவம்" என்று உண்மையாகவே இரக்கப்பட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த நேரத்தில் பார்க்கப்படுகிறவர் யார், பார்க்கிறவர் யார் என்பது இடம் மாறிவிட்டது. அதுவரை காட்சியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டியவர் கேள்வி கேட்பவரானார், பதில் சொல்ல வேண்டியவர்கள் விருந்தாளிகளானார்கள்.

அனுமதி என்பதன் பலனை நான் அங்கேதான் கண்டேன். அனுமதி கேட்பது ஒரு கதவை மூடுவதற்காக ஏற்பட்டதன்று. கேட்கும்போது மறுக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்குக் கிடைக்கிறது. மறுக்கும் உரிமை உள்ளவர் வரவேற்றால்தான் அது வரவேற்பு. அந்தக் குரல் கொடுக்கப்படாமல் நாங்கள் நேரே போய் நின்றிருந்தால் அந்தத் தேநீர் வந்திருக்காது என்று சொல்லமாட்டேன். எமது நாட்டு மக்கள் அதற்கும் தேநீர் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

*

அடுத்த வாதம் பணம் பற்றியது. சுற்றுலாவினால் மலைப்பிரதேசத்துக்கு வருமானம் வருகிறது, அறம் பேசி அதைக் கெடுக்க வேண்டாம் என்கிறார்கள். இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு ஒவ்வொரு முறையும் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை! அப்படியான இடத்தில் ஓர் இளைஞன் வழிகாட்டியாகிக் கௌரவமாகச் சம்பாதிப்பதும், ஒரு குடும்பம் ரொட்டியும் சம்பலும் விற்பதும், ஓர் அறையைத் துப்புரவாக்கி வாடகைக்கு விடுவதும் நல்ல காரியங்களே. அவை உழைப்புக்குக் கிடைக்கும் கூலி.

ஆனால் உழைப்புக்குக் கூலி கொடுப்பது வேறு, பார்க்கப்பட்டதற்குக் காசு கொடுப்பது வேறு. கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணைப் படமெடுத்துவிட்டு அவள் கையில் நூறு ரூபாவைத் திணிக்கும்போது என்ன நடக்கிறது? கொடுத்தவருக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது. அவள் முகம் அவரோடு போய்விட்டது. இதைவிட என்னைப் போன்ற ஆசிரியரின் மனதைத் தைப்பது பிள்ளைகளின் விடயம். 'ஸ்கூல் பென்' என்று கேட்டபடி வெள்ளைக்காரர் பின்னே ஓடும் பிள்ளைகளை இலங்கையின் சுற்றுலாத் தலங்களில் பல வருடங்களாகக் காண்கிறோம். வகுப்பறையில் ஆங்கிலம் பேச வெட்கப்படும் பிள்ளை முதன்முதலாகத் துணிந்து பேசும் ஆங்கிலம் யாசிப்பதற்கான இரண்டு சொற்களாகப் போய்விடுகின்றன. கொடுப்பவர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். பேனையை அந்தத் தோட்டத்துப் பாடசாலை அதிபரிடம் கொடுத்திருந்தால் அதே பேனை அதே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கை நீட்டாமல். என் பழைய மாணவன் தன்னுடன் வருபவர்களிடம் பயணம் தொடங்குமுன்னே இதைச் சொல்லிவிடுகிறான் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

*

இந்த மலைகளில் வழிகாட்டியுடன் நடப்பது புதிய பழக்கமன்று. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கி, பாவாத மலைக்குப் போக விரும்பியபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தனுப்பினார். வருடந்தோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பத்துப்பேர், சாமான் சுமப்பவர்கள் பதினைந்து பேர் என்று எண்ணிக்கையோடு அவர் எழுதி வைத்திருக்கிறார். உச்சியை அடைந்து, முகில்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்ததையும் எழுதினார். இன்று லிப்டன் சீட்டில் நின்று எல்லோரும் படமெடுப்பதும் அதே முகிலைத்தான். ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவர் அந்த மலைக்கு வழிகாட்டியாக இருந்ததையும், அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் அந்தப் பணியைச் செய்ததையும் அதே நூலில் காண்கிறோம். எமது நாட்டு மலை வழிகாட்டிகளுள் பெயர் தெரிந்த பழைய ஒருவர் முஸ்லிமாக இருப்பது குறிப்பிடத்தக்கது. சுமந்த பதினைந்து பேரின் பெயர்கள் மட்டும் அதிலும் இல்லை.

கண்டி இராச்சிய காலத்தில் எமது மூதாதையர் தவலம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு இந்த மலைப்பாதைகளில் நடந்தார்கள். மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பெற்றிருந்த இடத்தை வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா எடுத்துக் காட்டியிருக்கிறார். பீக்கோ நடைபாதை தொட்டுச் செல்லும் தவலந்தென்ன என்ற ஊரின் பெயரில் இன்றும் தவலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நடைக்கும் இன்றைய நடைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. தவலக்காரன் உப்பும் கருவாடும் கொண்டு போனான், பாக்கும் மிளகும் கொண்டு வந்தான். அவன் வரவைக் கிராமம் எதிர்பார்த்திருந்தது. அவனுக்குக் கிராமத்தின் தயவு தேவைப்பட்டது, கிராமத்துக்கு அவனது உப்புத் தேவைப்பட்டது. பார்ப்பதும் பார்க்கப்படுவதும் அங்கே சமமாகவே நடந்தன.

அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர் ஏராளம். அந்த வருகையின் இருநூறு ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. மலைநாட்டில் ஒரு பாதை காட்சிக்காக அடையாளமிடப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, இன்னொரு பாதையை அந்த மலைநாட்டு மக்கள் தங்கள் நினைவுக்காக நடந்து முடித்தார்கள். முதலாவது பாதையில் நடப்பவர், இரண்டாவது பாதையைப் பற்றி ஒரு வார்த்தையாவது அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு வழிகாட்டிக்கு உண்டு.

*

மலைச்சரிவை எடுத்துக்கொள்வோம். நடப்பவருக்குச் சரிவு என்பது அழகு. செங்குத்தாக இருந்தால் இன்னும் அழகு. அங்கே குடியிருப்பவருக்கு மழைக்காலத்தில் அதுவே பயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியாபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. ஹப்புத்தளை மலைத்தொடரின் அதே தெற்குச் சரிவில்தான் அந்த இடமும் இருக்கிறது. அங்கே மண்சரிவு அபாயம் இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைப் பெற்றவர்களுக்குப் போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலைகள் இறங்கின, எத்தனை குடும்பங்கள் புதைந்தன என்பதை எமது பிரதேச மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதைகள் அறுந்து, மின்சாரமில்லாமல், யார் இருக்கிறார் யார் இல்லை என்று தெரியாமல் கழிந்த அந்த நாட்களை நாம் மறக்கப்போவதில்லை.

பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆன் மனிதனைத் திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. அவ்வாறு தூண்டும் பல இடங்களில், முன்பு வாழ்ந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கவே சொல்கிறது. அதாவது அந்தப் பார்வை நிலத்தின் மீது விழுந்து, நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் போய் முடிய வேண்டிய பார்வை. மீரியாபெத்தவின் திசை தெரியும் உச்சியில் நின்றுகொண்டு கடலோரம் வரை தெரிகிறது என்று மட்டும் சொல்லும் வழிகாட்டி, காட்சியின் பாதியைத்தான் காட்டுகிறார். விருந்தாளியின் விடுமுறையைத் துக்கமாக்கச் சொல்லவில்லை. அழகைப் பார்க்கும் அதே கண்ணுக்கு அதையும் தாங்கும் பலம் உண்டு என்று நம்பச் சொல்கிறேன்.

*

இது எமது கேள்வியும்தான் என்று தொடக்கத்தில் சொன்னேன். வெளிநாட்டவரைப் பற்றி மட்டும் எழுதுவது சுலபம். அவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிக்கப்போவதில்லை.

பெருநாளுக்கு மறுநாள் லிப்டன் சீட்டிலும் எல்லயிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் யார் நிறைந்திருக்கிறார்கள்? தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வேன் வேனாக வரும் எமது குடும்பங்கள்தான். சந்தோசமாக வரட்டும், பிள்ளைகள் குளிரையும் முகிலையும் காணட்டும். ஆனால் வேனின் கதவைத் திறந்து வைத்துப் பாட்டை முழு ஒலியில் விடுவதும், பிரியாணிப் பார்சலின் லஞ்ச் சீற்றைத் தேயிலைச் செடிக்குள் எறிவதும், லயத்துப் பீலியில் கால் முகம் கழுவிவிட்டு அங்குள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை பேசாமல் போவதும் எந்த ஒழுக்கம்? தொழுகைக்கு இடம் தேடும்போது மட்டும் "இங்க கொஞ்சம் தொழலாமா?" என்று அனுமதி கேட்கத் தெரிந்த எமக்கு மற்ற நேரங்களில் அது ஏன் மறந்துபோகிறது?

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. உல்லாசப் பயணி அந்த மக்களை ஒருநாள் பார்க்கிறான். வெலிமடை, குருத்தலாவை, ஹப்புத்தளை, பண்டாரவளையில் வாழும் நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சம்பள நாளில் எமது கடைகளுக்கு அவர்கள் வருகிறார்கள். கடன் கொப்பியில் அவர்களின் பெயர் இருக்கிறது. எமது புடவைக் கடைகளின் தீபாவளி வியாபாரம் அவர்களால் நடக்கிறது. ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எமது ஊர்களின் வாயிலிருந்து இன்னும் முற்றாகப் போய்விட்டதா? அந்த லயன்களுக்குள் நாம் விருந்தாளியாக எத்தனை தடவை போயிருக்கிறோம்? ஒல்லாந்திலிருந்து வந்தவர் அரைமணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்த இஸ்தோப்பில், ஐந்து மைல் தூரத்தில் வாழும், அதே மொழி பேசும் நாம் ஏன் இதுவரை உட்காரவில்லை? பார்த்துக்கொண்டே இருப்பதனால் மட்டும் ஒருவரை அறிந்தவராகிவிட முடியாது என்பதற்கு எமது வரலாறே போதிய சான்று.

பாடசாலைகளிலும் இதே கதைதான். வருடாந்தச் சுற்றுலா என்றால் கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் வந்து சேர்கிறோம். வகுப்பறை யன்னலால் நாள் முழுவதும் தெரியும் மலைத்தொடரில் ஏறிப் பார்த்த பிள்ளைகள் வகுப்புக்கு நான்கைந்து பேர் தேறமாட்டார்கள். அந்த மலையில் எந்தத் தோட்டம், யார் வாழ்கிறார்கள், எங்கே மண் வெடித்திருக்கிறது, எங்கே தண்ணீர் ஊறுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. புவியியல் பாடத்தில் அந்தீஸ் மலைத்தொடரைச் சரியாகக் குறிப்பார்கள்.

இம்முறை எமது பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பைச் சுற்றுலாவுக்குப் பதிலாக ஒருநாள் நடைக்கு அழைத்துப் போகலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். அடுத்த தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையின் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்துகொள்ள வேண்டும், அவர்களின் மலையில் அவர்களே எமக்கு வழிகாட்டிகளாக வேண்டும் என்பது யோசனை. அதிபர் சம்மதித்துவிட்டார். பெற்றோர் சிலர், "அந்தப் பக்கம் என்னத்தப் பார்க்க இரிக்கி சேர்?" என்று கேட்கிறார்கள். மழை விட்ட பிறகு, சரிவுகள் பாதுகாப்பானவை என்று கிராம அலுவலர் சொன்ன பிறகே போவோம். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவிருக்கும் அறிவுறுத்தல்கள் இரண்டுதான். வளைவு வரும்போது குரல் கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும்.